ருக்மணி அக்காவின் முதல் 'நோ'

ஒருவருக்கு இரண்டாவது மொழியைப் பேசக் கற்றுக்கொடுக்கும்போது நாம் உண்மையில் கற்றுக்கொடுப்பது மொழியையா, அந்த மொழிக்காரர்கள் பழகும் விதத்தையா? இத்தனை வருடம் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்த பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கேள்வி எங்கே முளைத்தது என்பது மட்டும் தெரியும்.

ஈரத்துணியின் பிளீச்சிங் நெடி... அதோடு மிஷின் எண்ணெய் வாடை. எழுபதுகளின் கடைசி. திருப்பூர் மண்ணரையில் ருக்மணி அக்காவின் பனியன் கம்பெனி. கம்பெனி என்றால் வீட்டின் பின்கட்டுதான். இரண்டு நிட்டிங் மிஷின், சில தையல் மிஷின்கள். கணவர் இறந்த பிறகு அக்காவே நடத்தினார். நான் கோவையில் எம்.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுங்க என்று அக்கா கேட்டார்.

போன பிறகுதான் தெரிந்தது, அக்காவிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

முந்தைய வருடம் பம்பாய் ஏஜென்ட் ஒருவர் வந்து, தீபாவளிக்கு முன்னால் சரக்கு தர முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். முடியாது என்று அக்காவுக்கு அப்போதே தெரியும். ஆனால் வீடு தேடி வந்தவரிடம் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வதில்லை. 'பாத்துக்கலாங்க' என்போம். கேட்டவரும் புரிந்துகொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, வேறு இடம் பார்ப்பார். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

அக்கா அதையே இங்கிலீஷில், சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் நம்பிப் போய்விட்டார். சரக்கு பிந்தியது, அவர் எடுக்கவில்லை. அக்காவின் கட்டிலுக்கடி வரை பண்டல் பண்டலாகக் கிடந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் மிஷினை விற்பதைத் தவிர வழியில்லை.

இப்போது வெளிநாட்டுக்காரர் ஒருவர் நேரடியாக வருவதாகத் தகவல். மாதக் கடைசிக்குள் சரக்கு கேட்பாராம்.

அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். நான்தான் வெள்ளைக்காரர்.

"கேன் யூ கிவ் பை மன்த் எண்ட்?"

"வீ வில் ட்ரை, சார்" என்று தலையை ஆட்டினார் அக்கா.

"அக்கா, அதை அவர் சரின்னு எடுத்துக்குவார். முதல்ல நோ சொல்லுங்க. அப்புறம் காரணம். அப்புறம் உங்க தேதி."

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்கு வந்த மனுசனை மொகத்துல அடிச்சாப்பல எப்படிச் சொல்றது?"

"அவங்க ஊர்ல அது அடி இல்லீங்கக்கா. சொல்லாம விடறதுதான் அடி."

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு, "நோங்க" என்றார்.

தையல் மிஷின்களில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் ரங்கன் கத்திரியைக் கீழே வைத்தார்.

"நான் லீவு கேட்டா மட்டும் சட்டுனு வருதுங்களேக்கா! அவரை நானுன்னு நெனச்சுக்குங்க."

"உன்ற மூஞ்சிய நெனச்சா எனக்கு ஆர்டரே வேண்டாம்னு போயிரும். வேலையைப் பாரு சாமி."

விளக்கு வைத்த பிறகும் ஒத்திகை ஓடியது. அந்த 'ங்க' போகவே இல்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை.

இன்று திருப்பூரில் தெருவுக்கு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு. பிள்ளைகள் சரளமாகப் பேசுகிறார்கள், உச்சரிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவரை நோகடிக்காமல் மறுப்பது எப்படி என்று எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? எனக்குத் தெரிந்து இல்லை. அக்காவை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. அக்கா மாறியதில் என் பங்கு எவ்வளவு, கட்டிலுக்கடியில் கிடந்த பண்டல்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மறுநாள் நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

காலையிலேயே அவர் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. இளநீர் குடித்தார். சாம்பிள் பனியனை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு நாங்கள் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

அக்காவின் கை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"நோ."

சன்னமான குரல்தான். ஆனால் சிரிக்கவில்லை, தலையும் ஆடவில்லை.

"திஸ் மன்த், நோ. டூ மிஷின்ஸ் ஒன்லி. நெக்ஸ்ட் மன்த் ஃபிஃப்டீன்த், ஐ கிவ்."

அவர் திரும்பி மிஷின்களைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பாதி ஆர்டரை அக்காவே செய்யட்டும், அந்தத் தேதிக்கே தரட்டும், மீதியை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். கை நீட்டினார். அக்கா கும்பிட்டார். கார் கிளம்பியது.

வாசலிலேயே நின்றுகொண்டிருந்த அக்கா, தெரு வெறிச்சோடிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி... அந்த மனுசன் கோவிச்சுக்கவே இல்லீங்களே!"

பிறகு உள்ளே பார்த்து, நூல் எடுத்துவர வண்டி பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்.