தலை வாரியதைப் பற்றி ஒரு புகார்

கருவடிக்குப்பத்தில் எங்கள் மையம் இருந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வைக்கக் கூடாது என்பது விதி. தெரிந்தவர்களாலோ சொந்தக்காரர்களாலோ கொடுமைக்கு ஆளாகி, வீட்டுக்குத் திரும்ப முடியாத பெண்பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். தெருவில் எல்லோரும் அதை லேடீஸ் ஹாஸ்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் திருத்தவில்லை. நான் அங்கே ஆலோசகர். காலையில் முத்தியால்பேட்டையில் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ஸ்கூட்டியில் போனால், சாயங்காலம் நாங்கள் அத்தா என்று கூப்பிடும் என் அப்பா கடை அடைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

பிள்ளைகளோடு ராப்பகலாக இருந்தவர் பெரியம்மா. பராமரிப்பாளர் என்பது அவருடைய பதவி; பெரியம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் போன பிறகு வேலைக்கு வந்தவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், யாருக்காவது காய்ச்சல் என்றால் சாப்பிடமாட்டார். புதிதாக வரும் பிள்ளை முதல் வாரம் பேசாமலே இருக்கும். இவர் பாட்டுக்குப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டு பேன் பார்ப்பார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்; என்னால் அப்படி முடியாது என்று பொறாமையாகவும் இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம், ஐந்தாவது படிக்கும் பெண் ஒருத்தி என் அறையில் உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மிஸ், பெரியம்மாகிட்ட ஒண்ணு சொல்றீங்களா?"

"என்னா சொல்லணும்?"

"எனக்குத் தல வார வேணாம்னு."

பிள்ளை தானாகச் சொல்லும்போது குறுக்கே போகக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"நான் வேணாம் வேணாம்னுதான் சொல்றேன். சும்மா இருடி கண்ணுன்னு இழுத்து மடியில வெச்சிக்கிறாங்க. பின்னாலேர்ந்து கட்டிக்கிறாங்க. எனக்கு மூச்சு முட்டுது." வர்ணப் பென்சிலைக் கீழே வைத்து, "திட்டாதீங்க மிஸ். தல வார வேணாம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். திரும்பவும் வர்ணம் தீட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பெண் எங்களிடம் வந்ததே, வேணாம் என்று சொன்னதை ஒரு பெரிய மனுஷன் கேட்காததால்தான். மடியில் உட்கார வைப்பது என்பது அவளுக்கு வேறொன்று. அது எனக்குத் தெரியும். பெரியம்மாவின் மடி எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு தெரிந்த விஷயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

ஊழியர் மேல் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும், அது எவ்வளவு சின்னதானாலும், அன்றைக்கே நிர்வாகிக்கும் அரசாங்கத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சொல்லிவிட வேண்டும். இது விதி. என் வேலையைக் கவனிக்க ஒரு உளவியலாளர் இருந்தார். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு உட்கார்ந்து, என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று கேட்பார். அவருக்குப் போன் போட்டேன்.

"மேடம், இது பெரிய விஷயமா, சின்ன விஷயமா?"

"அத முடிவு பண்றது உன் வேலை இல்லம்மா. அதுக்கு வெளியில ஆள் இருக்காங்க."

"அவங்க ரொம்ப நல்லவங்க மேடம்."

"இருக்கலாம். நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா நாம நெனைக்கிறத வெச்சி எதுவும் நடக்கக் கூடாதுன்னுதானே அந்த விதியே வெச்சிருக்கு?"

நிர்வாகி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரிடம் போய்ச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தல வாரினதுக்குப் புகாரா? நானே கூப்ட்டு சொல்லிடறேம்மா, இனிமே கேட்டுட்டு வாருங்கன்னு. வெளிய போச்சின்னா விசாரணை முடியிற வரைக்கும் அவங்கள நிறுத்தி வெக்கச் சொல்வாங்க. புள்ளைங்கள யாரு பாப்பா? நீங்க பாப்பீங்களா?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் 'நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்' என்று ஆரம்பித்த எத்தனையோ விடுதிகளின் கதையைப் பயிற்சியில் கேட்டிருக்கிறேன். அங்கேயும் ஒருவர் இப்படித்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்து நியாயமாகப் பேசியிருப்பார். நான் குழுவுக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகாவது தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தவள், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "பின்னட்டுமா?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாச்சு உம்மா உனக்கு? டெய்லி நீதான பின்னுற?"

மறுநாளே பெரியம்மாவை ஊருக்குப் போகச் சொன்னார்கள். காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். வாசலில் பையோடு நின்று என்னைப் பார்த்தார்.

"நான் என்னாம்மா பண்ணேன்? அத மட்டும் சொல்லு."

"விசாரணை முடியட்டும் பெரியம்மா."

"விசாரணையா? எனக்கா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தவர்போல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் எப்படியோ தெரிந்துவிட்டது. பெரிய பெண்கள் அந்தப் பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றாள்.

"நான் சொன்னதாலயா?"

"நீ சொன்னது சரிதான். போகச் சொன்னது பெரியவங்க எடுத்த முடிவு."

"நான் போகச் சொல்லலியே. தல வார வேணாம்னுதான சொன்னேன்?"

பயிற்சியில் கற்றுக்கொண்ட வாக்கியங்கள் என்னிடம் நிறைய இருந்தன. அவற்றில் இரண்டைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். பெரியவர்களை விட்டு விலகிப்போகப் பிள்ளைகள் பழகிவைத்திருக்கும் தலையாட்டல் அது.

தற்காலிகமாக வந்த பராமரிப்பாளர் முறைப்படி படித்தவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. குரலை உயர்த்தமாட்டார், கேட்காமல் யாரையும் தொடமாட்டார், கதவைச் சாத்தமாட்டார். சின்னப்பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, எழுத வேண்டியதை எழுதிவைத்தார். அந்தக் குழந்தை விடியவிடிய ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்ததாம். இவர்தான் சரியான ஆள் என்று ஒரு நிமிடம் தோன்றும். அடுத்த நிமிடம், இல்லை என்று தோன்றும்.

குழுவிலிருந்து இரண்டு பெண்கள் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் வக்கீல், இன்னொருவர் குழந்தை மருத்துவர். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். நான் வராந்தாவில் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில், பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது படிக்கும் ஒரு பெண் உள்ளே போனாள். கேட்டால்தான் பதில் சொல்லும் ரகம். கொஞ்ச நேரத்தில் வக்கீல் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இப்ப எங்ககிட்ட கேட்டத மிஸ்கிட்டயும் கேக்குறியாம்மா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "கேக் தாத்தா வரும்போதும் வேணாம்னு சொல்லலாமா மிஸ்?"

கேக் தாத்தா எங்களுக்கு உதவி செய்கிறவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் மனிதர். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ரொம்ப வருஷம் பிரான்ஸில் இருந்துவிட்டு வயதான காலத்தில் ஊரோடு வந்துவிட்டார். எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் பேக்கரியிலிருந்து கேக் வாங்கிக்கொண்டு வருவார். வெட்டி முடித்ததும், அந்த ஊர் வழக்கப்படி, பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்; பிஸூ என்பார் அதை. எல்லோரும் கைதட்டுவோம். "தாத்தாவுக்கு தேங்க்ஸ் சொல்லு" என்று நிர்வாகி சொல்வார். பெரியம்மா பின்னாலிருந்து பிள்ளையை முன்னே தள்ளிவிடுவார்.

"அவரு வர்ற அன்னிக்கி நான் பாத்ரூம்ல இருப்பேன்" என்றாள் அந்தப் பெண். "எனக்கு கேக் பிடிக்காதுன்னு எல்லாரும் நெனைச்சிட்டு இருக்காங்க."

வேறு ஏதாவது நடந்ததா என்று மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். இல்லை. தனியாக அவர் யாரோடும் இருந்ததே இல்லை. முத்தம் மட்டும்தான். தலை வாரியதைப் பற்றி அந்தச் சின்னவள் சொன்னதற்கே இவ்வளவு பேர் வந்து கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் இதையும் கேட்கலாம் என்று தோன்றியதாம்.

கேக் தாத்தாவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, இனிமேல் பிள்ளைகளை நேரில் பார்க்க முடியாது என்று நிர்வாகி சொன்னார். நானும் இருந்தேன். பெரியவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அங்க என் பேரப்புள்ளைங்களுக்கு நான் பிஸூ குடுக்காம போனா கோவிச்சிக்கும் மதாம். தெருவுல பாத்தாகூடக் குடுப்போம். அது ஒரு வணக்கம் மாதிரி. என்னை என்னான்னு நெனைச்சிட்டீங்க?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது தெரியுமா என்று தேடினேன். காயம்பட்ட மனிதரின் முகம்தான் தெரிந்தது. காயம்பட்டதாகக் காட்டிக்கொள்கிற முகமும் அப்படித்தானே இருக்கும்? எழுந்து போனார். பிறகு வரவே இல்லை. கேக் அனுப்பலாம் என்று நிர்வாகி சொல்லியும் அனுப்பவில்லை. மனம் நொந்து நின்றுவிட்டாரா, வேறு காரணமா? அவரை நினைக்கும்போது ஒரு நாள் வருத்தமாக இருக்கும், ஒரு நாள் பயமாக இருக்கும். இரண்டில் எது நியாயம் என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

பெரியம்மாவிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று குழு முடிவு சொன்னது. பயிற்சி எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம். திரும்பி வந்தார். பிள்ளைகள் வாசலுக்கே ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் சீப்போடு அந்தச் சின்னவளிடம் போனார்.

"வாரட்டுமா?"

"வேணாம்."

சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவளே வாரிக்கொண்டாள். வகிடு பாம்பு மாதிரி வளைந்து போயிற்று. அப்படியே பள்ளிக்கூடம் போனாள். போகும்போது முகத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. பெரியம்மா சமையலறை ஜன்னல் வழியாக அந்த வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் பேசினார். ஒரு நாள், காய்ச்சல் வந்து தேறிய அந்தச் சின்னப்பிள்ளை ஓடிவந்து அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. உடனே என்னைத் தேடிப் பார்த்தார்.

"பாத்துக்கோ. அதுவாத்தான் ஏறிச்சி."

"தெரியும் பெரியம்மா."

"இந்தக் கைய எங்க வெக்கிறதுன்னே தெரியலம்மா எனக்கு" என்றார். கை குழந்தையின் முதுகுக்கு மேலே, படாமல், அந்தரத்தில் நின்றது. எனக்கும் தெரியவில்லை.

அந்த மாதம் உளவியலாளர் வந்தபோது கேட்டேன். "நான் செஞ்சது சரிதானே மேடம்?"

"செய்ய வேண்டியதச் செஞ்ச."

"ரெண்டும் ஒண்ணா?"

அவர் டீ டம்ளரைக் கையில் எடுத்தார். "அந்தப் பெரிய பொண்ணு வாயத் தொறந்தது இதனாலதான். அது எனக்குத் தெரியுது. மத்ததெல்லாம்..." என்று இழுத்தார். டீ ஆறிவிட்டது என்றார். அன்றைக்கு முதல்முறையாக, அவருக்கும் மேலே யாரிடமாவது போய் இதையெல்லாம் சொல்வாரா என்று கேட்டேன். "சொல்றேனே. எனக்கும் ஒருத்தங்க இருக்காங்க" என்றார். அந்த ஒருத்தருக்கும் ஒருத்தர் இருப்பார் என்று நினைத்தபோது ஆறுதலாக இருந்ததா, தலை சுற்றியதா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் போலீஸ் புதிய பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். ஆறு ஏழு வயது இருக்கும். பெரியம்மாவும் நானும் கேட் வரைக்கும் போனோம். முன்பென்றால் பெரியம்மா அள்ளித் தூக்கியிருப்பார். நான் பின்னால் நின்றிருப்பேன். இப்போது இரண்டு பேரும் நின்றோம். அது எங்களை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு எங்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போய், கூடத்தில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் ஒரு முறத்தில் மொச்சைக்காயை அள்ளிக்கொண்டு வந்து, மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"நீயும் உக்காரு" என்றார் என்னிடம்.

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் காய் உரித்தோம். வெகுநேரம் கழித்து, முறத்தில் கிடந்த ஒரு காயை, மேஜைக்கடியிலிருந்து நீண்ட சின்னக் கை ஒன்று மெல்ல எடுத்துக்கொண்டு உள்ளே போனது. பெரியம்மா என் பக்கம் திரும்பாமல் அடுத்த காயை எடுத்தார்.