அக்கா ஓட்டிய இன்டர்செப்டர்

“…மூச்சு விடுற வாயிலை மாலையைக் கட்டிப்போட்டு ஓடு ஓடு எண்டால், அது என்னண்டு ஓடும், சொல்லுங்கோ?”

ஆக்லாந்தின் தெற்கு மோட்டர்வே ஓரத்தில், காரின் திறந்த பொனட்டுக்கு முன்னால் நின்று அக்கா அத்தானைக் கேட்டார். அதன்பின் அவர் செய்ததை எழுதத்தான் இந்த நினைவு மலரில் இடம் கேட்டு வாங்கினேன். நான் படித்து எழுதுகிறவன் அல்லன், கதைத்துப் பழகிய தம்பி. ஆனாலும் ஒரு வாழ்க்கையை நடுவில் தொடங்கி நடுவில் விட்டால் அக்காவே ஏசுவார். முதலில் இருந்து வருகிறேன்.

அக்கா சுன்னாகத்தில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது கண்ணை டொக்டரிடம் காட்டுவதற்கு அப்பா அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். காலிமுகத்திடலில் ஒரு கார் வந்து நின்றதாம். பின்பக்கம் முழுவதும் வளைந்த ஒரே கண்ணாடி. அதில் தன் முகத்தையும் தனக்குப் பின்னால் இருந்த கடலையும் அக்கா ஒன்றாகக் கண்டார். “வாயைப் பிளந்துகொண்டு நிண்டதிலை ஐஸ்பழம் முழங்கைவரை வழிஞ்சு போச்சு” என்று ஐம்பது வயதிலும் சொல்லுவார்.

பிறகு சண்டை வந்தது. அப்பாவை இழந்தோம். இடம்பெயர்வில் நின்றுபோன தாதிப் படிப்பை அக்கா மறுபடி தொடங்கி முடித்தார். அத்தானை மணந்து ஆக்லாந்துக்கு வந்தார், பிறகு என்னையும் கூப்பிட்டு எடுத்தார். நகரின் தெற்கே தகனினியில் அவர்கள் வாங்கிய வீட்டில் விசா இல்லாதவரும் வேலை இல்லாதவரும் எத்தனை பேர் தங்கிப் போனார்கள் என்பது, இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு என்னைவிடத் தெரியும்.

வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் வேலை அக்காவுக்கு. பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு வீட்டு ஷெட்டில், தார்ப்பாய் விலகிய இடத்தில் அதே வளைந்த கண்ணாடியைக் கண்டார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பின்னர் அந்த வீட்டார் காரை விற்கப் போட்டபோது, புதுக் குசினிக்கென்று சேர்த்த காசு அங்கே போனது. “மற்றவையின்ரை மனிசிமார் குசினிக்கு ஓவன் வாங்குவினம். என்ரை மனிசி குசினியைக் குடுத்து எஞ்சின் வாங்கியிருக்கு” என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். திட்டுவதுபோல் தொடங்கினாலும், முடிக்கும்போது அவர் முகத்தில் பெருமை வந்துவிடும்.

யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன் ஷெட்டுக்குத்தான். இன்டர்செப்டர் என்ற அந்தக் கார் 1966இல் லண்டன் கண்காட்சியில் முதன்முதலாக நின்ற கதையை அக்கா தன் கண்ணால் கண்டதுபோல் சொல்லுவார். உருவம் இத்தாலியில் வரைந்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் கையால் பொருத்தியது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த சின்னத் தொழிற்சாலை. “எங்களை மாதிரித்தான். ஒரு ஊர்ச் சாமானில்லை. ஆனா ஓடேக்கை ஒண்டா ஓடும்” என்பார். அதற்கு உடன்பிறப்பாக வந்த ஒரு காரில் நான்கு சில்லுக்கும் எஞ்சின் பலம் போனது, விமானத்தில் இருந்து எடுத்த பிரேக் முறையும் இருந்தது. மற்றக் கொம்பனிகள் அந்த நுட்பத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. பெற்றோல் விலை ஏறி, 1976இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. “பூட்டினாப் பிறகும் இது கிடக்குது பாருங்கோ” என்று அக்கா குரலைத் தாழ்த்தும்போது, கோயிலில் நிற்பதுபோல் நாங்களும் கைகட்டி நிற்போம்.

ஓடாமல் கிடந்த காருக்கு ஒடாஹுஹு கராஜில் உயிர் வந்துகொண்டிருந்த மாதங்களில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றினால் விரல்கள் மரத்துப் போகலாம் என்றார்கள். தாதியான அக்காவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. “விரல் விரலா இருக்கேக்கை, ஒருக்கா நானே ஓட்டோணும்” என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை முதல் மருந்து. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் காருக்கு, றோட்டில் ஓடத் தகுதியானது என்ற வோரண்ட் கிடைத்தது.

சனிக்கிழமை கோயிலில் வாகனப் பூசை. ஐயர் சந்தனம் பூசி, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தார். அக்காவின் உடம்புக்காகவும் சேர்த்து நேர்ந்து, அத்தான் கைமொத்தத்தில் ஒரு செவ்வந்தி மாலை கட்டுவித்திருந்தார். அது காரின் முகப்பை முழுவதுமாக மூடியது. நாங்கள் படம் எடுத்தோம். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் வழியும் அதுதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய அக்கா அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஓட்ட, அத்தான் பக்கத்தில், நான் பின்னால். எஞ்சின் சத்தம் காதுக்கு முன் நெஞ்சுக்கு வந்தது. மோட்டர்வேயில் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. ஓரம் கட்டினோம்.

“கோயில் மாலையை வீட்டை போகமுன்னம் கழட்டப்படாது” என்றார் அத்தான். “அதுவும் இந்த நேரத்திலை. டோ ட்ரக்கைக் கூப்பிடுவம்.” இந்த நேரம் என்றால் எந்த நேரம் என்று மூவருக்கும் தெரியும். காரைக் கட்டியிழுத்துப் போனால் அக்காவின் ஓட்டம் அத்துடன் சரி. அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இங்கே சற்று நிறுத்தி நன்றி சொல்லிவிடுகிறேன். கார் புறப்பட்டுவிட்டால் நீங்கள் அதன் பின்னால் போய்விடுவீர்கள். மருந்து தொடங்கியபின் விரல்கள் மரத்தன, அக்கா மறுபடி ஸ்டியரிங் பிடிக்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில், தன் வீட்டில், அத்தானின் கைக்குள் கை இருக்கக் கண்ணை மூடினார். இரவு பகலாக வந்த தாதிகளுக்கும், கஞ்சியும் சொதியும் கொண்டுவந்த வீட்டாருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துத் தந்த கராஜ்காரருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை எங்களைத் தனியே விடாத உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இனி மோட்டர்வே ஓரத்துக்கு வருகிறேன். அக்கா குனிந்து மாலையின் முடிச்சை அவிழ்த்தார். இதழ் உதிராமல் தூக்கி வந்து, லொறிகள் இரைந்து போகும் அந்த ஓரத்தில் அத்தானின் கழுத்தில் போட்டார். “இப்ப மாலையும் வீட்டை வரும். ஏறுங்கோ.”

முள் இறங்கும்வரை பொறுத்திருந்து காரை எடுத்தார். தகனினிக்குத் திரும்பும் வழி வந்தது. அத்தான் மாலையோடு, “இஞ்சை, இஞ்சை” என்று கையைக் காட்டினார். அக்கா சிக்னல் போடவில்லை. நேரே தெற்கைப் பார்த்துக் காலை அழுத்தினார்.