தேடி வந்த அம்மா

அந்தச் சிறிய தேவாலயத்தில் மணியடிக்கும் அம்மாவின் பெயரை நான் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. ஒல்லியாக, உயரமாக, வெள்ளைச் சேலையில் இருப்பார். ஆராதனை தொடங்குமுன் வாசலில் நின்று பெஞ்சு பெஞ்சாக முகங்களைப் பார்ப்பார். யார் வரவில்லை என்று பார்க்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மங்கலம்பேட்டையிலிருந்து வேலைக்காகக் கடலூர் வந்து, ஓட்டு வீடு ஒன்றில் தனியாக வாடகைக்கு இருந்தேன். ஞாயிறுதோறும் பாட்டு நன்றாக இருக்கும் சபையாகப் பார்த்துப் போவேன். எங்கும் யாரிடமும் பேசியதில்லை.

தானே புயல் அடித்த காலையில் ஓடுகள் பறந்தன. வாசலில் நின்ற வேப்பமரம் கதவை அடைத்துக்கொண்டு விழுந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடந்தேன். நான் செத்தால் இந்த ஊரில் தேட ஆளில்லை என்ற நினைப்பு, காற்றைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

காற்று சற்றுத் தணிந்ததும் குரல் கேட்டது.

"தம்பி, உள்ள இருக்கியாப்பா?"

அந்த அம்மாவோடு வந்த சபையார் இருவர் கிளைகளை வெட்டி என்னை வெளியே இழுத்தார்கள்.

"நான் உங்க சபை இல்லியேம்மா," என்றேன், அழுகையோடு.

"தெரியும். இந்த வீட்டுல நீ தனியா இருக்கறதப் பாத்திருக்கேன். மத்த சபைலயும் உன்னை யாருக்கும் தெரியாதுல்ல? அவுங்க யாரும் வரமாட்டாங்கன்னு தோணுச்சி. அதான் நாங்க வந்துட்டோம்."

அந்த ஞாயிறே அவர்கள் சபையில் சேர்ந்தேன். அந்த அம்மாவின் வீட்டுக் கூரையும் புயலன்றே போயிருந்தது என்று அங்கேதான் தெரிந்தது.

"அந்தக் காத்துல வெளிய வர ஒங்களுக்கு பயமா இல்லியாம்மா?"

"ரொம்ப இருந்துச்சிப்பா. அதனாலதான் அவுங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்தேன்."