இரண்டே வருடப் படிப்பு

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது பெரிய கூச்சமாக இருந்தது. கட்டிலில் கிடக்கும் எழுபது வயதுக் கிழவரும் சரி, ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வரும் மகளும் சரி, நான் கிட்டே போனதும் கண்ணைத் தாழ்த்தி இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். என்னோடு ஒரே கப்பலில் வந்த கேரளத்துப் பெண் லீலாம்மாதான் விவரம் சொன்னாள். அவர்கள் பார்ப்பது பெல்ட்டை. கருநீலப் பெல்ட்டும் வெள்ளிக் கொக்கியும் இருந்தால் மூன்று வருடம் படித்துப் பதிவு பெற்ற நர்ஸ். பச்சைப் பெல்ட் என்றால் என்னைப் போல இரண்டு வருடம் படித்தவள். பச்சையிடம் தண்ணீர் கேட்பார்கள், பெட்பேன் கேட்பார்கள், ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். நோயைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால், "சரியான நர்ஸ் ஒருத்தரைக் கூப்பிடுகிறாயா, லவ்?" என்பார்கள். இங்கே முன்பின் தெரியாதவர்கள்கூட 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை அதைக் கேட்டு நான் வார்டுச் சமையலறைக்குள் ஓடினேன். இப்போது அந்த வார்த்தை காதில் ஏறுவதே இல்லை. 'சரியான நர்ஸ்' என்பது மட்டும் இன்னும் ஏறுகிறது.

இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்கு வரப்போகும் நம் பெண்களுக்கு, வேலையில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று நாலு வார்த்தை எழுதும்படி நம் சங்கப் பத்திரிகைக்காரர் கேட்டிருக்கிறார். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். தூரத்தில் ஒரு பதவியைக் குறி வைத்துக்கொண்டு, இன்றைய அழுக்கை அதற்கான படி என்று நினைத்துத் துடைப்பது. அறுபத்தொன்றில் கப்பலேறி வந்த நாளிலிருந்து ஆறு வருடமாக அப்படித்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அது என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். பத்திரிகையில் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

என் அப்பா சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவராக இருந்தார். அரிசிப்பாளையத்தில் மாதா கோயிலுக்குப் பின் சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் ஆஸ்பத்திரியில் யாருக்கு மேல் யார் என்பது அத்துப்படி. காலையில் டாக்டர் வார்டைச் சுற்றிவரும்போது போகிற வரிசையை வைத்தே அதைக் கற்றிருந்தார். முதலில் டாக்டர், அடுத்து நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன், அப்புறம் வார்டு சிஸ்டர், ஸ்டாஃப் நர்ஸ், படிக்கிற பெண்கள், கடைசியில் வண்டியோடு அப்பா. சாப்பிட உட்கார்ந்தால் அந்த வரிசையை விரல் விட்டுச் சொல்வார். "டாக்டருக்குப் படிக்க வெக்க எனக்கு வக்கில்ல சாமி. ஆனா ரெண்டாவது எடம் உனக்குத்தான். நீ முன்னால போற, நான் பின்னால வண்டியத் தள்ளீட்டு வாரேன்" என்பார். அம்மா இறந்த பிறகு வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நான் அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வருடம் கழித்து, அந்த ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியர்களுக்குத் தலைவியான பெரிய மதர், சீமையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். படித்து முடித்து வா, இங்கே உனக்கு வேலை இருக்கிறது என்றார். அப்பா அன்றைக்கு லீவு போட்டார். அவர் லீவு போட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

வந்த முதல் வாரம் எங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்கள். அது முடிந்ததும் பாடம் நடத்தும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தால் சந்தோஷமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்" என்றார். லீலாம்மாவை மூன்று வருடத்தில் போட்டார்கள். படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு வகுப்பு தாண்டி உட்காரவைப்பார்கள். டபுள் புரமோஷன் என்று பெயர். நானே மூன்றாவதிலிருந்து நேராக ஐந்தாவதுக்குப் போனவள். மூன்று வருடப் படிப்பை எனக்கு இரண்டு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கு வேறு என்ன தோன்றும்? பெரியவர்கள் ஒன்றைக் கொடுத்தால் இது என்ன என்று திருப்பிக் கேட்கும் வழக்கமும் நமக்கு இல்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். பூசை முடிந்து கோயில் வாசலில் அப்பா எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாராம், மகளுக்குச் சீமையிலும் டபுள் புரமோஷன் என்று. நான் இங்கே லீலாம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தேன். "மூணு வருஷமானா என்ன, உனக்கும் கிடைச்சுடும், அழாதே" என்றேன். அவள் அழவே இல்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்த இரண்டு வருடமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், சொல்லிவிடுகிறேன். முதியோர் வார்டு. இந்த நாட்டில் பெற்றவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு முறை பூவோடு வருகிறார்கள். மற்ற ஆறு நாளும் அவர்களுக்கு நாங்கள்தான். பக்கவாதத்தில் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதுகைத் துடைத்து ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுந்துகிற இடத்தில் தோல் உடைந்து படுக்கைப்புண் வந்துவிடும். ஒருவரைப் புரட்டி முடிப்பதற்குள் அடுத்தவர் நனைத்திருப்பார். குமட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் நான் சேலத்து வார்டை நினைத்துக்கொள்வேன். டாக்டர் போகிறார், அடுத்து நான் போகிறேன், கடைசியில் அப்பா வண்டியோடு வருகிறார். அந்த நினைப்பில் எத்தனை பெட்பேன் வேண்டுமானாலும் கழுவலாம். மனம் தளராமல் இருக்க இதைவிட நல்ல மருந்து கிடையாது.

இரண்டு வருடம் முடிந்து சான்றிதழ் வந்ததும் பெரிய மதருக்கு நகல் அனுப்பினேன். பதில் ஒரு மாதத்தில் வந்தது. இது உதவி நர்ஸ் சான்றிதழ், பதிவு நர்ஸ் சான்றிதழ் அல்ல, இதை வைத்து இங்கே உன்னை நர்ஸாகப் பதிவு செய்ய மாட்டார்கள், அங்கே யாரும் உனக்குச் சொல்லவில்லையா என்று கேட்டிருந்தார். நான் அந்தக் கடிதத்தோடு இந்த ஆஸ்பத்திரி மேட்ரனிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். மூன்று வருடம் படிக்கலாம், ஆனால் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும், முடித்த இரண்டு வருடம் கணக்கில் வராது, இப்போது வார்டில் ஆள் குறைவு, அதனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நான் எழுந்து வரும்போது என் தோளைத் தொட்டு, "உங்கள் நாட்டுப் பெண்கள் முதியவர்களிடம் எவ்வளவு அருமையாக நடந்துகொள்கிறீர்கள்!" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். அடுத்த வருடம் போனேன், அதற்கடுத்த வருடமும் போனேன். ஒவ்வொரு தரமும் அதே பாராட்டுத்தான். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது, என்னை இந்த வார்டை விட்டு அனுப்ப மாட்டார்கள் என்று. லீலாம்மா இப்போது எங்கள் வார்டிலேயே கருநீலப் பெல்ட். என்னை வேலை ஏவும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்பாவுக்கு மட்டும் நான் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வருடம் வந்துவிடுகிறேன், அடுத்த வருடம் வந்துவிடுகிறேன் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

இந்த வருடத் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது என்று தம்பி தந்தி கொடுத்தான். லீவு வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், கதவோரக் கட்டிலில் கிடந்தார். மூச்சு இழுப்பும் காய்ச்சலும் விடாததால் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் நினைவு தெளிவாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் நாமக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் காலில் கட்டோடு இருந்தார். நான் போனதும் அவர், "ஏனுங்க, இவங்கதான் உங்க லண்டன் புள்ளைங்களா?" என்று கேட்டார். அப்பா, "ஆமாங்க. அங்க மேட்ரனுங்க" என்றார். நான் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். இடது குதிகால் சிவந்து, நடுவில் தோல் வெளுத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படியே விட்டால் உடைந்துவிடும் என்று பார்த்த உடனே தெரிந்தது. இந்த உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவைப் புரட்டக் குனிந்தேன்.

"அக்கா, தொடாதீங்க. பாக்க வந்தவங்க நோயாளியத் தூக்கக் கூடாதுங்க" என்று ஒரு பெண் ஓடிவந்தாள். முதல் வருடம் படிக்கிறவள், சேந்தமங்கலத்துப் பெண். பதினெட்டு வயது இருக்கும்.

"எம் பொண்ணு பண்ணட்டும், உடு. சீமையில மேட்ரன்" என்றார் அப்பா.

அந்தப் பெண் சட்டென்று விறைப்பாக நின்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்க பதிவு பண்ணின நர்சுங்களாக்கா? தப்பா நெனச்சுக்காதீங்க. சிஸ்டர் வந்து கேப்பாங்க" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய மதருக்கு உண்மை தெரியும். "இல்லம்மா" என்றேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசம் படிச்சியே சாமி, அது?" என்றார்.

"அது இங்க செல்லாதுப்பா."

"அங்க?"

"அங்கயும் பாதிதான்."

பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் நேரே பெரிய மதரிடம் போனேன். பகல் முழுக்க வார்டில் இருந்து அப்பாவைப் புரட்டிப் போட அனுமதி கேட்டேன். அவருக்கும் என்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. "நர்ஸா உன்ன உள்ள விடணும்னா பதிவு வேணும் மேரி. மகளா வந்தா, மத்தவங்களுக்கு உள்ள நேரந்தான் உனக்கும். ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். ஆக, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் சேந்தமங்கலத்துப் பெண்ணின் பக்கத்தில் நின்று வாயால் சொல்லிக்கொடுத்தேன். பாவம், அவளும் முடிந்தவரை செய்தாள். ஆனால் நாற்பது கட்டிலுக்கு அவளும் இன்னொருத்தியும்தான். மணி அடித்ததும், "அக்கா, நேரமாயிருச்சுங்க" என்பாள். சாப்பாட்டுத் தூக்குப்போசிகளோடு எழுந்து போகும் சனங்களோடு நானும் வெளியே போய் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். நாற்பது நாள் லீவு அப்படித்தான் போனது. கிளம்பும் அன்று குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

நேற்று தம்பியின் கடிதம் வந்தது. புண் எலும்பு வரை போய்விட்டதாம், காலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்களாம். இங்கே என் வார்டில் இருபத்தாறு கிழவர்கள். ஒருவர் குதிகாலிலும் ஒரு கீறல்கூட இல்லை. இன்று காலை அவர்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மேட்ரன் வந்தார். ஒவ்வொரு போர்வையாக விலக்கிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.