நாலே பேருங்க

கையில் காகிதத்தோடு யார் வந்தாலும், கேட்கும் முன்பே "ஊட்ல நாலே பேருங்க" என்பார் லட்சுமணசாமி. கருமத்தம்பட்டியில் அவருடைய தறிக்கூடத்துக்குப் பின்னால், அவரிடம் தறி ஓட்டிய என் அப்பாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் குடியிருந்தோம். பதிவில்லாமல் ஆள் வைத்திருப்பது லேபர் ஆபீசருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் எங்களைப் பற்றி அவர் வெளியே சொல்லமாட்டார்.

தொண்ணூற்றொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆசிரியர் அக்பர் அலி வந்தார். கொடியில் இருபது சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நாலு பேருக்கு இத்தனை சட்டையாங்க?"

"பையனுக்கு ரொம்ப வேர்க்குதுங்க."

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் சுவருக்குப் பின்னால் பேசாமல் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றும் தெரியவில்லை.

பிறகு அந்தக் கணக்கை வைத்துத்தான் குடிநீர்க் குழாய் போட்டார்கள். தெருவுக்கு இருநூறு பேர் வேண்டும்; எங்கள் தெருவில் ஒன்பது பேர் குறைந்தார்கள். அவர் மனைவி பங்காரம்மா தினமும் குடத்தோடு அடுத்த தெருவுக்கு நடந்தார். அந்த அம்மாள் திட்டியது தாங்காமல், லட்சுமணசாமி எங்கள் பன்னிரண்டு பேரையும் பஞ்சாயத்து ஆபீசில் வரிசையாக நிறுத்தினார்.

"எண்ணிக்கோங்க!"

"அடுத்த கணக்கு ரெண்டாயிரத்து ஒண்ணுலதானுங்க" என்றார் எழுத்தர்.

"அப்ப நானே சொல்லிப்போடறேன் கண்ணு" என்று லட்சுமணசாமி எங்களுக்கு வாக்குக் கொடுத்தார். தொண்ணூற்றெட்டில் இறந்துபோனார்.

அரசாங்கத்துக்கு அவர் தரவேண்டிய பாக்கி இன்னும் பன்னிரண்டு பேர். பட்டம் வாங்கிய நானும் அதில் ஒருவன்.