ஊத்தப்பம் வேகும் நேரத்துக்குள் பேசிய எம்.பி.

அன்று காலை கடையைத் திறக்கப் போனபோது, எதிர்ச்சாரியில் உள்ள கட்சி ஆபீசின் கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. போன தேர்தலில் ஹாபுல்தாவைத் தோற்கடித்த கட்சி அது. அதன் கிளைச் செயலாளர் தபன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாது.

"என்ன தபன், கொடி எறங்கிக் கெடக்கு? உங்க பெரிய ஆளு யாராவது கெளம்பிட்டாரா?"

"எங்க ஆளு இல்ல அண்ணா. உங்க ஆளு," என்றான். "ஹாபுல்தா. தூக்கத்துலயே போயிட்டாரு."

திறந்த பூட்டை அப்படியே திரும்ப மாட்டினேன்.

சுங்க இலாகா ஹரிஹரன் சார்தான் நம் தமிழ்ச் சங்க மலருக்கு இதை எழுதச் சொன்னார். "நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ் சார்" என்றேன். "உம்ம வாய் எம்.ஏ. வரைக்கும் போயிருக்கு, அத அப்படியே எழுதும்" என்றார். எழுதுகிறேன். பிழை இருந்தால் அவரைக் கேளுங்கள்.

உங்களில் பாதிப் பேர் ஹாபுல்தாவை என் கடையில் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேர் ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூட சீட்டுக்கும் அவர் வீட்டு வாசலில் நின்றிருப்பீர்கள். பார்லிமெண்டில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் வங்காளி எவ்வளவு பெரிய பதவிக்குப் போனாலும் வீட்டில் வைத்த செல்லப் பெயர் அவரை விடாது. அம்மா கூப்பிட்ட ஹாபுலோடு, அண்ணன் என்று சொல்ல, 'தாதா'வைச் சுருக்கி ஒரு 'தா'வைச் சேர்த்து ஊரே ஹாபுல்தா என்றது. அவரோ என்னை 'அண்ணா' என்பார். தென்னாட்டிலிருந்து வந்தவன் எல்லாருமே இங்கே அண்ணாதான். கடைசிவரை ஒருவரை ஒருவர் அண்ணன் என்றே கூப்பிட்டோம். எங்களில் யார் மூத்தவர் என்பதை இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேசியதெல்லாம் வங்காளியில். எனக்குக் காதில் விழுந்தபடி தமிழில் சொல்கிறேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது கிடர்பூர்ப் பாலம். அதைத் தாண்டித்தான் நகரம், ஆஸ்பத்திரி எல்லாம். தாண்டாத இந்தப் பக்கத்தில் நாங்களும் கப்பல் கூடங்களும். ஆற்றிலிருந்து கப்பல் துறைமுகத்துக்குள் வரும்போது பாலம் கதவு மாதிரி ஒருபக்கமாகத் திரும்பிக்கொள்ளும்; அதைத்தான் பாலம் திறப்பது என்போம். அது திரும்பி வரும்வரை பஸ், லாரி, தள்ளுவண்டி, மனுஷன் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தேர்தல் சமயம். என் மனைவி கோமதிக்கு இடுப்பு வலி எடுத்து டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாலத்துக்கு வந்தால் பாலம் இல்லை. எதிரே ஆறு மாடி உயரத்தில் ஒரு கப்பல் ஊர்ந்துகொண்டிருந்தது. "ஏங்க, எறங்கிப் போயி அந்தக் கப்பல ரெண்டு தள்ளுத் தள்ளுங்க" என்று கத்தினாள் கோமதி. அந்த வலியிலும் அவளுக்குக் கேலி போகவில்லை. எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

எங்களுக்கு முன்னால் மைக் கட்டிய பிரசார ஆட்டோ ஒன்று நின்றது. அதில் கசங்கிய ஜிப்பாவோடு ஒரு வேட்பாளர், மாட்டிக்கொண்ட கூட்டத்திடமே ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தேன். "தாதா, ஓட்டு அப்புறம் கேக்கலாம். என் பெஞ்சாதிக்குப் பிள்ளை வருது."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் மைக்கில் அவர் குரலே மாறிவிட்டது. "கேளுங்க, கேளுங்க! வரிசையில டாக்டர், நர்ஸ், ஆயா யாரு இருந்தாலும் உடனே மஞ்சள் டாக்சிக்கு வாங்க!" பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு வயசான ஆயா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். நாலு பக்கமும் குடையைப் பிடித்து டாக்சியை மறைத்தோம். கப்பல் போய் முடிவதற்குள் குழந்தை வந்துவிட்டது. அதையும் அவர்தான் மைக்கில் அறிவித்தார். "பொண்ணு! தாயும் சேயும் சௌக்கியம்!" அத்தனை லாரிகளும் ஹாரன் அடித்தன.

வங்காளியிலும் பாலத்துக்குச் சேது என்றுதான் பெயர் என்று அவர் சொன்னதால், மகளுக்குச் சேதுலட்சுமி என்று வைத்தோம். தேர்தலில் அவர் ஜெயித்தார். "அன்னிக்கு வரிசையில நின்னவன் ஓட்டே போதும், என் மகதான் உங்கள எம்.பி. ஆக்கினா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்த நாளுக்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பாலம் திறந்து வரிசை நின்றால், ஊரில் இருந்தால், வண்டியை விட்டு இறங்கி வரிசை நெடுக நடப்பார். ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்து ஒரே கேள்வி: "யாருக்காவது அவசரமா?" காய்ச்சல்காரர், பரீட்சைக்குப் போகிற பிள்ளை, ரயிலைப் பிடிக்கிறவர் என்று பொறுக்கி எடுத்து முன்னால் அனுப்புவார். பாலம் திரும்பி வந்ததும் அவர்கள்தான் முதலில் போக வேண்டும். எம்.பி. வண்டி கடைசியில் வரும்.

இனி அவருடைய பார்லிமெண்ட் பேச்சைப் பற்றி. மனுஷர் பேச ஆரம்பித்தால் சிராம்பூரில் தொடங்கி சிங்கப்பூர் வரை போய்வருவார். டெல்லியில் அவருக்குக் கிடைத்ததோ இரண்டு மூன்று நிமிஷம். விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையில் ஒத்திகை நடக்கும். கல்லில் நான் வெங்காய ஊத்தப்பம் ஊற்றியதும் அவர் எழுந்து பேச வேண்டும். வெந்ததும் கரண்டியால் கல்லில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் ஊத்தப்பம். நான் சபாநாயகர். ஹரிஹரன் சார் மந்திரி. எதைக் கேட்டாலும் காபியை உறிஞ்சிக்கொண்டு "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்பார். டீ குடிக்க வருகிற தபன், வேறு கட்சி என்பதால், நடுநடுவே கூச்சல் போடுவான். அதற்கு அவனுக்குச் சம்பளம் ஒரு மெதுவடை.

"அண்ணா, டெல்லி சபாநாயகர் உன்ன விட இரக்கமுள்ளவரு" என்பார் ஹாபுல்தா.

"அவருக்கென்ன, கருகினா அவரு ஊத்தப்பமா கருகப்போவுது?" என்பேன்.

பாலம் திறக்கிற நேரத்தை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும் என்றுதான் அவர் முதலில் அலைந்தார். ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஆத்துல தண்ணி ஏறினாத்தான் கப்பல் உள்ள வரும். தண்ணி ஏற வேண்டிய நேரத்தையும் பார்லிமெண்ட்ல தீர்மானம் போட்டு அனுப்புங்க, செஞ்சிடலாம்" என்றாராம். அதை என் கடையில் அவரே நடித்துக் காட்டினார். கோபமே இல்லை. சட்னியை வழித்துக்கொண்டே சொன்னார்: "அவன் சொல்றது சரிதான் அண்ணா. கப்பலும் பிள்ளையும் அதது இஷ்டத்துக்குத்தான் வரும். நம்மால ஆனது, இந்தப் பக்கமே ஒரு கட்டில் போட்டு வைக்கிறது."

கட்டில் ஏற்கெனவே இருந்தது, அதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்து மருந்தகத்தில் ஒரு பிரசவ அறையைக் கட்டி, கட்டில் போட்டு, ஆள் போடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் திறக்க அவர் ஏறாத படி இல்லை. எல்லாரும் ஹரிஹரன் சார் சொல்லும் வசனத்தையே சொன்னார்கள்.

சேது ஆறாம் வகுப்பில் இருந்தபோது கோமதி மறுபடியும் உண்டானாள். ஊரே என்னைக் கிண்டல் செய்தது. நான் செய்த கிண்டலுக்கெல்லாம் வட்டி போட்டு வாங்கிக்கொண்டேன். கோமதி மட்டும் சிரிக்கவில்லை. டாக்டர், வயசாகிவிட்டது, ரத்தக் கொதிப்பு வேறு, வலி கண்டால் தாமதிக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு, ஹாபுல்தா தட்டில் கை வைக்கும் முன் அவர் எதிரே வந்து நின்றாள்.

"தாதா, மொத தடவ குடை பிடிச்சீங்க. இந்தத் தடவ எனக்குக் குடை வேண்டாம், கதவு வேணும். டாக்சில படுக்க மாட்டேன்."

அவர் கையைத் தட்டிலிருந்து எடுத்தார். "இந்தக் கூட்டத் தொடர்ல கேக்கறேன் பௌதி," என்றார், அண்ணியைக் கூப்பிடுகிற வங்காளி முறையில். "தொறக்கலேன்னா உன் கடையில சாப்பிட மாட்டேன்."

அப்போதுதான் பார்லிமெண்டைக் காட்டுகிற சேனல் வந்திருந்தது. அவர் பேசும் நாளன்று கடையில் நிற்க இடமில்லை. தபன்கூட வடை இல்லாமலே வந்து நின்றான். ஹாபுல்தா எழுந்தார். அன்று சிராம்பூரும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. பாலம், கப்பல், டாக்சி, குடை என்று அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆகையால், பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் பெண்களுக்கு வேண்டியது ஒரே ஒரு..." என்றார். மணி அடித்தது.

பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

மற்ற எம்.பி.க்கள் மணி அடித்த பிறகும் அரை மணி பேசுவார்கள். இவருக்கோ வருஷக்கணக்காக மணி என்றால் ஊத்தப்பம். கால் தானாக மடங்கிவிட்டது. டிவியில் அவர் மேஜையைப் பார்த்தது, எனக்கென்னவோ தட்டைத் தேடியது மாதிரியே இருந்தது. கோமதி வயிற்றில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "உங்க கரண்டிதாங்க அவர உக்கார வச்சுது" என்றாள். கரண்டியைக் கல்லிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், அதுவும் சிரித்துக்கொண்டு. "மொதல்ல பௌதியக் கூப்பிடு" என்றார். கோமதி வந்து நிற்க, நடந்ததைச் சொன்னார். மறுநாள் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தப்பட்ட மந்திரி அவராகவே தேடி வந்தாராம்.

"ஹாபுல் பாபு, ராத்திரி பூரா எனக்கு மண்ட கொடையுது. அந்தப் பக்கம் ஒரே ஒரு, என்னய்யா?"

"ஒரே ஒரு சாவி சார். அறை இருக்கு, கட்டில் இருக்கு. பூட்டு மட்டும் தொறக்கணும், ஒரு நர்சு வரணும்."

"அவ்வளவுதானா?" என்றாராம் மந்திரி. பேசி முடித்திருந்தால் அது நூறோடு நூற்றியொன்றாகப் பரிசீலனைக்குப் போயிருக்கும். முடிக்காமல் விட்டதால் அவர் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

"அண்ணா, உன் ஊத்தப்பத்துக்குத்தான் நன்றி," என்றார் ஹாபுல்தா. "இப்ப ஒண்ணு போடு. அறை தொறக்கற வரைக்கும் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா டெல்லில பசி ஜாஸ்தி." கோமதியே போய் மாவை ஊற்றினாள்.

அந்த மாதமே அறை திறந்தது. இரவுக்கும் நர்ஸ் வந்தார். கோமதிக்கு வலி கண்ட நாளில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், பாலம் திறந்திருந்தது. கப்பல் ஊதுகிற சத்தம் உள்ளே கேட்டது. நர்ஸ் தலையைக்கூடத் தூக்கவில்லை. மகன் பிறந்தான். வெளியே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த ஹாபுல்தா, மைக் இல்லாத குறைக்கு, ரோட்டுக்குப் போய் வாயால் கத்திவிட்டு வந்தார்.

போன தேர்தலில் தோற்றார். மறுநாள் காலை வழக்கம் போலக் கடைக்கு வந்து, "இனிமே எனக்கு மணி கிடையாது. ரெண்டு ஊத்தப்பம் போடு, மெதுவா" என்றார். ஜெயித்த தெம்பில் தபன் ஏதோ சொல்ல வந்தான். அவனுக்கு ஒரு மெதுவடை வாங்கிக் கொடுத்தார். அவனும் வாங்கிக்கொண்டான்.

அவரைக் கண்ணாடி வண்டியில் நம் பேட்டைக்குக் கொண்டுவந்து, ரஜனிகந்தா என்கிற நிலச்சம்பங்கி மாலை போட்டு, மறுபடி பாலம் தாண்டிச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனதை நீங்களும் பார்த்தீர்கள். பாலத்துக்குப் போனால், பாலம் திறந்திருந்தது. கூட்டத்தில் சிலருக்கு ஆத்திரம். எம்.பி.யாக இருந்தவரை இப்படியா நிறுத்துவது என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மற்றதும் வந்தது.

கால் சும்மா இருக்கவில்லை. வரிசை நெடுக நடந்தேன். "யாருக்காவது அவசரமா?" என்று கேட்டுக்கொண்டே போனால், எதிர்ப்பக்கத்திலிருந்து கோமதியும் அதையே கேட்டுக்கொண்டு வருகிறாள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் ஒரு டாக்சியில், மடியில் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். ஓரமாக வழி விடச் சொல்லி டாக்சியை முன்னால் கொண்டுவந்தோம். கண்ணாடி வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று எட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் ஒருவருக்குத்தான் அங்கே அவசரம் இல்லை.

பாலம் திரும்பி வந்து சேர்ந்தது. கண்ணாடி வண்டி டிரைவர் கிளம்பப் பார்த்தான். தபன், கட்சி பேட்ஜோடு, முன்னால் போய்க் கையை நீட்டி மறித்தான்.

"டாக்சி போகட்டும்," என்றான். "ஹாபுல்தா கடைசியிலதான் போவாரு."

நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். பாலம் திறந்தால் இப்போதும் கடையை மகளிடம் விட்டுவிட்டு வரிசைக்குப் போகிறேன். அன்று டாக்சி பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிற வரைக்கும் அவர் வண்டி நின்றது. அப்புறம்தான் கிளம்பியது, மெதுவாக. யாரும் மணி அடிக்கவில்லை.