பலாப்பழத்தோடு வந்த பக்க விளைவு

என் மருந்தாளுநர் பணிக்காலத்தில் வாந்தி, தலைச்சுற்றல், அரிப்பு என்று முறையிட்டு வந்தோர் பலர். ஒரு மருந்தின் பக்க விளைவுக்கு நன்றி கூறிப் பலாப்பழத்தோடு வந்தவர் மஞ்சக்குட்டைக் கிராமத்து வெள்ளையம்மாள் ஒருவரே.

அவர் கணவர் மாணிக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் உடையவர். அக்குடும்பத்துக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆறு மாதங்களாக அவர் தோட்டத்துப் பக்கம் போகாமல், சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சேலத்து மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று கண்டு, நாளுக்கொரு மாத்திரை எழுதினார். ஏற்காட்டில் என் பொறுப்பிலிருந்த சிறு மருந்தகத்தில் அதை வழங்கினேன். வயிறு சற்றுக் குமட்டும், அஞ்ச வேண்டா என்று மட்டும் கூறினேன்.

பன்னிரண்டாம் நாள் மாணிக்கம் மலைப்பாதையில் நடந்தே வந்தார்.

"ஏனுங்கய்யா, அலமாரி இப்படிக் குப்பையாட்டம் கெடக்குதுங்களே? நகருங்க, நான் அடுக்கித் தாரேன்!"

மறுமொழி கூறுமுன் ஏணியில் ஏறிவிட்டார். மாலைக்குள் மருந்துப் பெட்டிகள் யாவும் தமிழ் அகர வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் அழகிய கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. உடன் பணிபுரிந்தோர் பல்லாண்டுகளாக எள்ளி நகையாடிய என் கனவு அது. இடையில் ஓயாது பேசினார். மூன்று பாட்டுப் பாடினார். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிவிட்டார். மருந்து நன்கு வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, அவருக்குத் தேநீர் வாங்கித் தந்தேன்.

மறுநாள் காலை வெள்ளையம்மாள் பலாப்பழத்தோடு வந்தார்.

"நொம்பப் புண்ணியமுங்கய்யா. ரெண்டு மணி நேரந்தான் தூங்கறாரு. எங்க ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டு, கேக்காமயே பக்கத்து ஊட்டுக்கும் அடிச்சுட்டாருங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"திட்டுனாங்க. இவரு சிரிச்சுட்டே அவங்க ஆட்டுக்கொட்டாய்க்கும் அடிச்சுட்டாரு. நாளைக்குக் காப்பியப் பூராம் வெட்டிப்போட்டு ஆரஞ்சு வெக்கறாராம். நம்ம மலைச்சாமி சேர்வராயரே நேர்ல வந்து சொன்னாருங்களாம். கோடாலியோட நாலு ஆளுக்குச் சொல்லியாச்சு. அது ஒண்ணுதான் திக்குங்குது. ஏனுங்கய்யா, ஒரு மாத்திரைக்கே இத்தன தெம்புன்னா, ரெண்டு குடுக்கலாமுங்களா?"

பலாப்பழத்தை வாங்க நீட்டிய என் கை அப்படியே நின்றது.

"முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்காருங்களா?"

"கல்யாணமான புதுசுல ஒருக்கா. ராவும் பகலுமா மூணு கெணறு தோண்டுனாரு. ஊரே மெச்சுச்சு. அதப் போயி டாக்டர்கிட்ட நோவுன்னு எதுக்குங்க சொல்லோணும்?"

சோர்வுக்குத் தரும் மாத்திரை சிலருக்கு மனத்தை வரம்பு கடந்து கிளர்ச்சியுறச் செய்யும். உறக்கம் குறைதல், ஓயாப் பேச்சு, தெய்வக் குரல் எல்லாம் அதன் அடையாளங்கள். இதைக் கற்றிருந்தும் முந்தைய நாள் அவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் அவரை உடனே அழைத்து வருமாறு பணித்தார்.

"எனக்கென்னங்க? கல்லாட்டம் இருக்கேன்!" என்று, வீடு தேடிச் சென்ற எங்களிடம் மாணிக்கம் மறுத்தார். ஆட்கள் வர ஒரு நாளே இருந்தது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"சேலத்து டாக்டர் அலமாரியும் கலைஞ்சுதான் கெடக்குதுங்க."

"அப்படீங்களா? பஸ் எத்தன மணிக்குங்க?"

அடிவாரம் வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநருக்கு அறிவுரை வழங்கியவாறே வந்தார். மருத்துவர் அம்மாத்திரையை நிறுத்தி, அவரை உள்நோயாளியாகச் சேர்த்து, வேறு மருந்து தொடங்கினார். வெள்ளையம்மாள் ஊர் திரும்பி, கோடாலியோடு வந்த நால்வரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மாணிக்கம் நிதானமாக வந்து நின்றார். பேச்சு அளவாக இருந்தது. அலமாரியை நெடுநேரம் பார்த்தார்.

"யாருங்கய்யா இத இப்படி அடுக்குனது? அவசரத்துக்கு ஒண்ணத் தேடி எடுக்க முடியுமுங்களா?"

அன்று முதல், இவ்வகை மாத்திரை வழங்கும்போதெல்லாம் குமட்டலைப் பற்றிக் கூறியபின் இன்னொன்றும் கூறிவந்தேன்: "திடீர்னு அளவுக்கு மீறி நல்லா இருந்தாலும் ஓடி வந்து சொல்லுங்க." ஓய்வு பெறும் நாள் வரை அந்த அகர வரிசையை மட்டும் நான் கலைக்கவில்லை.